இரட்டை விசிலும் 3.8 விநாடியும்

3 பிப்ரவரி 2023, வெள்ளி

காலை 6.42. மஞ்சப்பாறைச் சோலை, மூன்றாம் எண் கருவியின் அடியில். மலை மைனா: 4. அடையாளம் தெரியாதது: 1.

நான்கும் இரண்டு ஜோடி. பனி விலகாததால் கண்ணால் பார்த்தது இரண்டைத்தான், மற்ற இரண்டும் குரல் கணக்கு. எனக்குக் குரல் போதும். நான் பறவைக்காரன் அல்ல, மின்னணுவியல் படித்தவன். ஐந்து ஒலிப்பதிவுக் கருவிகளை மரத்தில் கட்டுவது, நினைவக அட்டையைக் கழற்றி மடிக்கணினியில் போடுவது, எந்தக் குரல் எதனுடையது என்று மென்பொருளை வைத்துப் பிரிப்பது, இந்தச் சோலையில் எத்தனை மலை மைனா என்று மார்ச் கடைசிக்குள் ஒரு எண் சொல்வது. வேலை அவ்வளவுதான்.

ஐந்தாவது குரல்தான் தொல்லை. ஒரே அளவில் இரண்டு விசில். பிறகு 3.8 விநாடி மௌனம். மறுபடி இரண்டு விசில். ஒரு மணி நேரத்தில் பதினேழு தடவை. மென்பொருள் 'இயந்திரம்' என்கிறது.

ஸ்டெல்லா வேறு மாதிரி சொன்னாள். இதே கணக்கெடுப்பில் எனக்குக் கூட்டாளி. தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவள், தாவரவியல் பட்டம். வாய் நீளம்.

"இது பஸ் விசில் நவநீ சார்."

"காட்டுக்குள்ள ஏது பஸ்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போலாம். பொறந்ததுல இருந்து இதத்தான் கேக்குறேன். உங்க கம்ப்யூட்டரு பஸ்ல போயிருக்கா?"

வரும் வழியில் போன் காட்டியது: அக்கா மூன்று முறை அழைத்திருக்கிறாள். இங்கே சிக்னல் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் உண்டு. ஏறவில்லை.

4 பிப்ரவரி, சனி

துணி துவைத்தேன். காயவில்லை.

5 பிப்ரவரி, ஞாயிறு

ஸ்டெல்லா சொன்னது பாதி சரி. பஸ் இல்லை. பறவை.

காலை 7.15. சோலை ஓரத்தில் பூத்துக் கிடக்கும் கல்யாண முருங்கை. உச்சிக் கிளையில் ஒற்றை மலை மைனா, பூவில் அலகை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. பளபளக்கும் கறுப்பு. ஆரஞ்சு அலகு. பறக்கும்போது சிறகில் வெள்ளைத் திட்டு. தலையில் மஞ்சள் சதை. கீழே தேயிலைக் காட்டில் நடக்கும் பழுப்பு மைனாவையும் இதையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. இது தரையில் இறங்காது, நடக்காது, கிளைக்குக் கிளை தத்தும்.

அது எங்களைப் பார்த்தது. இரண்டு விசில் அடித்தது. காத்திருந்தது. பிறகு தெளிவாக, கொஞ்சம் மூக்கால், "போலாம் ரைட்" என்றது.

ஸ்டெல்லா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டில் வாழும் மலை மைனா மனிதக் குரலை மட்டுமல்ல, வேறு பறவையின் குரலைக்கூட எடுத்துக்கொள்ளாது. கூண்டில் வளர்ந்தது மட்டும்தான் பேசும். ஆக இது யாரோ வளர்த்துத் திறந்துவிட்ட பறவை. என் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா?

X என்று குறித்தேன். ஸ்டெல்லா 'கண்டக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். குறிப்பில் அந்தப் பெயர் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

7 பிப்ரவரி, செவ்வாய்

வனவர் தாமோதரன் வந்திருந்தார். நாங்கள் எடுத்த X-இன் படங்களைப் பார்த்தார்.

"இது நம்ம ஊர்ப் பறவையா, வெளியூர்ச் சரக்கா? அதச் சொல்லுங்க முதல்ல. வடகிழக்குல இருந்து புடிச்சு விக்கிறாங்க. அதுன்னா இங்க விட முடியாது."

இரண்டு மணி நேரம் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விஷயம் தலையில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே ஒரு மஞ்சள் திட்டு, பிடரியில் ஒரு மஞ்சள் மடல். வடகிழக்குப் பறவையில் இரண்டும் ஒரே பட்டையாக ஒட்டியிருக்கும். தெற்கத்திப் பறவையில் இரண்டுக்கும் நடுவே கறுப்பு இறகு இடைவெளி. X-க்கு இடைவெளி இருக்கிறது. பதினோரு படத்தில் பதினொன்றிலும்.

"நம்ம ஊர்தான்" என்றேன்.

"நல்லது. ஆனா மனுசனை நம்பி வர்ற பறவை காட்டுல நிக்காதே தம்பி. எவனாச்சும் கையை நீட்டுனா போய் உக்காந்துக்கும். கொஞ்ச நாள் பாருங்க. மத்த மைனாவோட சேருதான்னு பாருங்க. சேரலேன்னா புடிச்சு மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிர்றதுதான் அதுக்கு நல்லது."

மலை மைனா இருபது வருடத்துக்கு மேல்கூட வாழும். அத்தனை வருடமும் கூண்டு. ஆக இனி என் வேலை X-க்கு ஒரு நல்ல அறிக்கை வாங்கித் தருவது. யாரும் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போய் அக்காவிடம் பேசினேன். 4 நிமிடம்.

"கை பரவால்லடா. டம்ளரைப் புடிக்கிறாரு. பேச்சுத்தான். டாக்டர் சொல்றாரு, மொத மூணு மாசம் ரொம்ப முக்கியமாம். நீ எப்ப வர்றே?"

வேலை இருக்கிறது என்றேன். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு ஆப் செய்து அனுப்புகிறேன் என்றேன்.

அப்பாவுக்கு ஜனவரி 9 அன்று பக்கவாதம். வலது கையும் பேச்சும். சொல்வது எல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்ல வரவில்லை. நான் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தேன்.

9 பிப்ரவரி, வியாழன்

ஆப் முடித்தேன். அறுபது சொற்கள். தண்ணீர், சோறு, வலி, காற்று, வேண்டும், வேண்டாம். எல்லாம் என் குரலில், இரைச்சல் நீக்கி. கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சதவீதம் காட்டும். ஒரு நாளைக்கு மூன்று சுற்று. மேட்டில் நின்று அனுப்பினேன். மூன்று இரவு வேலை. நன்றாக வந்திருக்கிறது.

10 பிப்ரவரி, வெள்ளி

X எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. சோலைக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே, பஸ் திரும்பும் இடத்தில் சடையாண்டியின் டீக்கடை. ஸ்டெல்லா நேரே கேட்டாள்.

"அண்ணே, உங்க மைனா எங்க?"

"எந்த மைனா? என்ன மைனா?"

"போலாம் ரைட்டுன்னு சொல்லுமே, அந்த மைனா."

சடையாண்டி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் வனத்துறை இல்லை என்றேன். டீயை ஆற்றி முடித்து எங்கள் முன்னால் வைத்தார்.

"மூணு வருசமாச்சு சார். ரோட்ட அகலப்படுத்தயில மரத்த வெட்டுனாய்ங்க. பொந்துக்குள்ள ரெண்டு குஞ்சு. ஒண்ணு நசுங்கிப் போச்சு. இத எடுத்தாந்து வாழப்பழம் ஊட்டி வளத்தேன். கடைக்கு எத்தன பஸ் வருது, எத்தன கண்டக்டரு வர்றாய்ங்க. எல்லாத்தையும் புடிச்சுக்கிருச்சு. பெறகு, மைனா வளத்தா கேசுன்னு சொன்னாய்ங்க. தை மாசம் பொறந்தன்னிக்கு கூண்டோட தூக்கிட்டுப் போயி, சோலைக்கிட்ட வச்சுத் தொறந்துட்டேன்."

"உடனே போயிடுச்சா?"

"எங்க போச்சு. கூண்டு மேல உக்காந்துக்கிட்டு என்னயவே பாத்துச்சு. நாந்தான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

டீக்குக் காசு வாங்கவில்லை. நல்லா இருக்கா, எளச்சிருச்சா என்று இரண்டு தடவை கேட்டார். எடை தெரியாது என்றேன். வெளியே வந்ததும் ஸ்டெல்லா, "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வலிக்குமா?" என்றாள்.

12 பிப்ரவரி, ஞாயிறு

திட்டம். X-க்கு மலை மைனா மொழி தெரியாது. தெரிந்தது பஸ் மொழி. சொல்லிக்கொடுத்தால் தெரிந்துகொள்ளும், அதற்குத்தான் பெயர் போன பறவை. என் சேமிப்பில் மலை அடிவாரத்தில் போன வருடம் வேறொரு குழு எடுத்த மலை மைனாப் பதிவுகள் இருக்கின்றன. இரைச்சலே இல்லாத, கண்ணாடி போன்ற குரல்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளி எடுத்தவை. கல்யாண முருங்கை மரத்தில் நான்கு மீட்டர் உயரத்தில் ஸ்பீக்கர். காலை நாற்பது நிமிடம், மாலை நாற்பது நிமிடம்.

மலை மைனாக் குரல் பற்றிய பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஸ்டெல்லா கொடுத்திருந்தாள். முதல் இரண்டு பக்கம் படித்தேன். நீளம்.

13 முதல் 16 பிப்ரவரி வரை

திங்கள்: X ஸ்பீக்கரைக் கேட்டது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது.
செவ்வாய்: கேட்டது.
புதன்: ஸ்பீக்கரின் மேல் வந்து உட்கார்ந்தது. "போலாம் ரைட்."
வியாழன்: ஒலியைக் கூட்டினேன்.

17 பிப்ரவரி, வெள்ளி

காலை 6.50. A ஜோடி வந்தது. நாவல் மரப் பொந்தில் கூடு வைத்திருக்கும் ஜோடி. முதலில் ஸ்பீக்கரைக் கொத்தின. ஸ்பீக்கர் நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தது X. இரண்டும் அதன் மேல் பாய்ந்தன. கால்களைப் பின்னிக்கொண்டு மூன்றும் உருண்டு கீழே தேயிலைச் செடிமேல் விழுந்தன. நான் ஏணியில் ஏறி ஸ்பீக்கரை நிறுத்த 50 விநாடி ஆனது.

X தாழப் பறந்து போனது. செடியின் அடியில் ஐந்து கறுப்பு இறகுகள். ஒன்றில் பாதி வெள்ளை.

ஸ்டெல்லா இறகுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் வைத்தாள்.

"நான் குடுத்த பேப்பர முழுசாப் படிச்சீங்களா?"

"இல்ல."

"படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் குரல் வேற. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டுனா ஒரு குரல்கூட ஒத்துவராது. நீங்க முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்குற ஆளுங்க பேச்ச இவங்க வீட்டு வாசல்ல வச்சு அஞ்சு நாளா மைக்குல போட்டிருக்கீங்க. அடிக்காம என்ன செய்வாங்க?"

ஏணியை மடித்தேன்.

18 பிப்ரவரி, சனி

X: 0.

19 பிப்ரவரி, ஞாயிறு

X: 0. மற்றவை 4. பொங்கல் செய்தேன், அடிப்பிடித்துவிட்டது.

20 பிப்ரவரி, திங்கள்

X: 0.

அக்கா. 11 நிமிடம்.

"டேய், அந்த ஆப்பை எடுத்துரட்டுமா?"

"ஏன்? சதவீதம் எவ்வளவு வருது?"

"சைபர் வருது. நேத்து தண்ணிங்கறதுக்கு வாயை வாயை அசைச்சுப் பார்த்தாரு. வெறும் காத்துத்தான் வந்துச்சு. உடனே உன்ர குரல்ல 'மீண்டும் முயற்சிக்கவும்'னு சொல்லுச்சு. மறுபடி பார்த்தாரு. மறுபடி 'மீண்டும் முயற்சிக்கவும்'. போனைக் கவுத்து மெத்தைக்கு அடியில வச்சுட்டுச் செவுத்தப் பார்த்துப் படுத்துட்டாருடா. நீ பரிட்சை வெக்கறே அவருக்கு."

அந்த வாசகத்தை மாற்றிவிடலாம் என்றேன். எளிய விஷயம், ஒரே ஒரு வரி.

அக்கா, "சரி கண்ணு, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

22 பிப்ரவரி, புதன்

X உயிரோடு இருக்கிறது. கிடைத்த இடம்: டீக்கடைக் கூரை.

நடந்தது இது. காலை 8.10 பஸ். கண்டக்டர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறார். கூரையிலிருந்து இரண்டு விசில். "போலாம் ரைட்." ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்டக்டர் டம்ளரோடு வளைவு வரை ஓடியிருக்கிறார். ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டு போய் விட்டிருக்கிறது.

நாங்கள் போனபோது கடையில் திருவிழாக் கூட்டம். சடையாண்டி மட்டும் சிரிக்கவில்லை. கையில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு உரிக்காமல் நின்றார்.

"ஊட்டலாமா சார்?"

"கூடாது."

"எளச்சிருச்சு. இறகு வேற போயிருக்கு."

"அண்ணே, ஊட்டுனா இங்கயே நின்னுரும். நின்னா புடிச்சிட்டுப் போயிருவாங்க" என்றாள் ஸ்டெல்லா.

பழத்தை அவரே தின்றார். X இரண்டு முறை விசில் அடித்தது. மதியம் வரை கூரையில் இருந்துவிட்டுச் சோலைப் பக்கம் போனது.

23 பிப்ரவரி, வியாழன்

பஸ் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வனவர் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"யார் வளத்ததுன்னு நான் கேக்கல. கேட்டா எழுதணும். ஆனா மார்ச் பன்னெண்டாம் தேதி காலையில நானே வந்து பார்ப்பேன். காட்டோட காடா இருந்துச்சுன்னா விட்டுர்றேன். இல்லேன்னா வலையோட ஆள் வரும். சரியா?"

பதினேழு நாள்.

25 பிப்ரவரி, சனி

கட்டுரையை முழுவதும் படித்தேன். இரண்டு முறை. ஆண் பறவை பக்கத்து ஆண்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும், பெண் பக்கத்துப் பெண்களிடமிருந்து. அப்பாவோ அம்மாவோ சொல்லிக்கொடுப்பதல்ல. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடமிருந்து. கூண்டுப் பறவை மனிதன் மாதிரிப் பேசுவது அது கெட்டிக்காரத்தனம் என்பதால் அல்ல. பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

கடைசி வரியை நான் எழுதினேன், கட்டுரையில் இல்லை.

ஸ்பீக்கரைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஸ்டெல்லாவிடம், என்ன செய்யலாம் என்று கேட்டேன். மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் கேள்வி இதுதானாம்.

"ஒண்ணும் செய்ய வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். நாம பாத்துக்கிட்டு இருப்போம்."

"சும்மா இருக்கறது ஒரு வேலையா?"

"உங்களுக்கு அதான் பெரிய வேல."

28 பிப்ரவரி, செவ்வாய்

X, A ஜோடியின் பக்கம் போவதில்லை. எதிர்ச் சரிவில், இன்னொரு ஜோடியான B-க்கு அறுபது மீட்டர் தள்ளி ஒரு சில்வர் ஓக் மரத்தில் உட்காருகிறது. பேசுவது குறைந்திருக்கிறது. கேட்கிறது.

இன்று மூன்றாம் கருவியின் பழைய பதிவுகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். 214 முறை இரட்டை விசில். பிறகு வரும் மௌனம் 3.7, 3.8, 3.8, 3.9. முதல் நாளே குறித்தேன், ஆனாலும் மென்பொருள் அதை வெட்டி எறிந்துகொண்டிருந்தபோது நானும் விட்டுவிட்டேன். ஒலி இல்லாத இடம் எனக்கு எதற்கு?

சடையாண்டி கடையில் 8.10 பஸ்ஸைக் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கண்டக்டர் இரண்டு விசில். ஓட்டுநர் கியர் போட்டு எஞ்சின் உறுமுவதற்கு ஏறக்குறைய நான்கு விநாடி.

அது மௌனம் அல்ல. பதில் வரும் இடம். மூன்று வருடம் தினமும் பதில் வந்திருக்கிறது. இங்கே விசில் அடித்துவிட்டு எஞ்சினுக்காகக் காத்திருக்கிறது. 214 முறை.

1 மார்ச், புதன்

X-க்கும் B-க்கும் இடையே 55 மீட்டர். மழைத் தூறல். பேட்டரி மாற்றினேன்.

3 மார்ச், வெள்ளி

காலை 6.30. தண்ணீர்த் தொட்டி மேடு. இங்கிருந்து B ஜோடியின் குரல் நன்றாகக் கேட்கும். அக்காவை அழைத்து, போனை அப்பாவின் காதில் வைக்கச் சொன்னேன்.

"என்ன பேசப்போறே?"

"ஒண்ணும் பேசல."

போனைச் சோலைப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். B கூப்பிட்டது. நீளமாக ஏறி, ஒடிந்து இறங்கும் குரல். குவீ-யோ. கண்டக்டர் இரண்டு விசில் அடித்தது. மரகதப்புறா எங்கோ முனகியது. காற்று. கை வலித்தது. நான்கு நிமிடம் பத்து விநாடி.

பிறகு போனில் டொக், டொக் என்று கேட்டது.

"விரலால தட்டறாருடா" என்றாள் அக்கா, தூரத்திலிருந்து.

அப்பா நாற்பது வருடம் உடுமலையில் மைக்செட் கடை வைத்திருந்தவர். மாரப்பன் சவுண்ட் சர்வீஸ். எந்தக் கல்யாண மண்டபத்திலும் மைக்கைக் கையில் எடுத்ததும் முதலில் விரலால் இரண்டு தட்டு. பிறகு, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ." அங்கே நிறுத்திவிடுவார். விடுமுறை நாட்களில் நான் கூடப் போவேன். என் வேலை மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் நிற்பது. குரல் தெளிவாக வந்து சேர்ந்தால் கையைத் தூக்க வேண்டும். நான் கையைத் தூக்கிய பிறகுதான் "த்ரீ" சொல்வார். தூக்காவிட்டால் சொல்லமாட்டார், குமிழைத் திருகிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

நானும் போனை இரண்டு முறை தட்டினேன்.

மூன்றாம் கருவியில் அட்டை மாற்றினேன். பேட்டரி 62 சதவீதம்.

(மேலே கண்டக்டர் என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை.)

4 மார்ச், சனி

40 மீட்டர். அப்பா: டொக் டொக். 5 நிமிடம்.

5 மார்ச், ஞாயிறு

40 மீட்டர். டொக் டொக். பிறகு ஒரு "ம்". அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் பிரிக்க முடியவில்லை. இவ்வளவு படித்தும்.

6 மார்ச், திங்கள்

20 மீட்டர்.

காலை 6.38. கண்டக்டர் இரண்டு விசில் அடித்தது. முதல் விசில் எப்போதும் போல. இரண்டாவது விசில் கடைசியில் ஒடிந்து இறங்கியது. நான் கற்பனை செய்கிறேன் என்று நினைத்தேன். ஒலியைக் கணினியில் படமாக்கிப் பார்த்தேன். ஒடிகிற இடம் B பறவையின் குரல் ஒடிகிற அதே இடம்.

ஸ்டெல்லாவிடம் காட்டினேன். திரையைப் பார்த்துவிட்டு என் தோளில் ஓங்கி ஒரு அடி. வலித்தது. மகிழ்ச்சியாம்.

"பாதி கத்துக்கிச்சு நவநீ."

சார் எங்கே போனது என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

9 மார்ச், வியாழன்

மூன்று நாளாக முன்னேற்றம் இல்லை. ஓர் ஒடிந்த விசில், அவ்வளவுதான். B ஜோடி விரட்டவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. நேற்று மதியம் அது மறுபடி டீக்கடைக் கூரைக்குப் போயிருந்தது. சடையாண்டி அதைப் பார்க்கக்கூடாது என்று கடையை அடைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பாலத்தில் போய் உட்கார்ந்திருந்தாராம். மூன்று பஸ் டீ குடிக்காமல் போனது.

மதியம் ஸ்டெல்லா பாறைமேல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டாள்.

"ஊருக்கு ஏன் போகமாட்டேங்குறீங்க?"

"இது முடியட்டும்."

"இது முடியிறது உங்க கையிலயா இருக்கு?"

சொன்னேன். ஜனவரி 8, ஞாயிறு மாலை. நான் ஊரில் இருந்தேன். இந்த வேலைக்கான நேர்காணல் போனில் நடந்துகொண்டிருந்தது. அப்பா புது ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தார். நிறுத்தவில்லை. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்கீங்களா?" என்றேன். இருந்தார். சாப்பிடும்போதும் பேசவில்லை. மறுநாள் காலை 7.20-க்கு விழுந்தார்.

ஸ்டெல்லா தன் பொட்டலத்தில் இருந்த முட்டையைப் பாதி வெட்டி என் இலையில் வைத்தாள்.

10 மார்ச், வெள்ளி

20 மீட்டர். பதில் இல்லை.

11 மார்ச், சனி

15 மீட்டர். பதில் இல்லை. ஸ்பீக்கரில் குரலைப் போட்டு உதவலாம் என்று கை அரித்தது, இப்போது இந்தச் சோலையின் பதிவுகளே இருக்கின்றன. பெட்டிச் சாவியை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன்.

12 மார்ச், ஞாயிறு

வனவர் 6.05-க்கு வந்தார். கூட ஒருவர், தோளில் சுருட்டிய வலை. சடையாண்டியும் வந்திருந்தார். கடையைத் திறக்கவில்லையாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் ஒரு மர மறைவில் ஒதுங்கி நின்றார், கண்டக்டர் கண்ணில் படக்கூடாது என்று.

பனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. 6.21-க்கு இரண்டு விசில்.

"இதானா?" என்றார் வனவர்.

"இதான்."

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்றும் இல்லை.

6.24. இரண்டு விசில். ஒன்றும் இல்லை. வலைக்காரர் தோளை மாற்றிக்கொண்டார்.

6.29. இரண்டு விசில். இரண்டாவது ஒடிந்து இறங்கியது. எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று...

குவீ-யோ.

சில்வர் ஓக்கிலிருந்து அல்ல. எதிரிலிருந்து. B.

சில்வர் ஓக்கில் ஓசையே இல்லை. அவ்வளவு நாள் கேட்டதற்கு ஒரு பதில் வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பிறகு அங்கிருந்து, விசில் இல்லாமல், மூக்கால் பேசாமல், முழுதாக ஒரு குவீ-யோ. கொஞ்சம் கரகரப்பு. எதிர்ப்பக்கம் மறுபடி. இந்தப் பக்கம் மறுபடி. ஒன்பது தடவை. என் காதே மாறி மாறிக் கேட்டது, மென்பொருளை நான் திறக்கவே இல்லை.

6.40-க்குப் பனி கிழிந்தது. மூன்று பறவைகள் எங்கள் தலைக்கு மேல் பறந்து நாவல் சரிவைத் தாண்டிப் போயின. சிறகுச் சத்தம் சீறிக்கொண்டு போனது. ஆறு வெள்ளைத் திட்டு.

"இதுல எது அது?" என்று கேட்டார் வனவர்.

பார்த்தேன். தொலைநோக்கியை வைத்தும் பார்த்தேன்.

"தெரியல" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்கே தெரியலேன்னா நான் எதப் புடிக்கச் சொல்றது?" என்றார். வலைக்காரரிடம், "வாங்க, டீ சாப்டலாம். சடையாண்டி, கடை இருக்கா இல்லையா?" என்றார்.

சடையாண்டி மரத்தை விட்டு வெளியே வந்தார். வானத்தைப் பார்த்தார். "போயிருச்சுல்ல?" என்றார். போய்விட்டது என்றேன். பிறகு, ஸ்டெல்லா பார்க்கிறாள் என்பதற்காக அல்ல, "நல்லா இருக்கு, உடம்பு தேறிடுச்சு" என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே எங்களுக்கு முன்னால் வேகமாக இறங்கினார். கடையில் எல்லோருக்கும் ஸ்ட்ராங் டீ. 8.10 பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கியதும் கூரையைப் பார்த்தார். பிறகு தானே விசில் அடித்தார்.

மலை மைனா: 5. அடையாளம் தெரியாதது: 0.

13 மார்ச், திங்கள்

காலை 6.30. மேட்டிலிருந்து அழைத்தேன். டொக் டொக். நானும் தட்டினேன். ஐந்து பறவையின் குரலும் கேட்டது. பிறகு அப்பா பக்கம் மூச்சு வாங்கும் சத்தம், நீளமாக. நான் நடுவில் எதுவும் சொல்லவில்லை.

"ஒன்" என்றார்.

அக்கா கத்தினாள். அப்பா அடுத்ததைச் சொல்லவில்லை. நாளைக்கு இருக்கட்டும். நான் பையைக் கட்டிவிட்டேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ஐந்து கருவிகளும், ஸ்பீக்கர் பெட்டியும், கணக்குப் புத்தகமும் ஸ்டெல்லாவிடம். மார்ச் கடைசி எண்ணை அவள் எழுதட்டும், கையெழுத்தும் அவளுடையது. நான் எப்போது திரும்புவேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

2. நாளை 8.10 பஸ். சடையாண்டி கடையில் நின்று டீ குடிக்கக் கூடாது, தாமதமாகும். (குடிப்பேன்.)

3. அப்பாவின் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட வேண்டும். என் போனிலிருந்தும்.

4. அப்பாவின் மைக்செட் கடையைத் திறந்து தூசி தட்டி, பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஃபியூஸ் போட்டு, அந்தக் கனமான மைக்கை இணைத்து அவருடைய இடது கையில் கொடுக்க வேண்டும்.

5. ஜனவரி 8 பற்றிப் பேச வேண்டும். நான்தான் பேச வேண்டும். அவர் அன்று அந்தப் புது ஆம்ப்ளிஃபயரைப் பற்றிச் சொல்ல வந்தது என்னவென்று கேட்க வேண்டும், பதில் எவ்வளவு நாள் கழித்து வந்தாலும்.

6. கடையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். 'ஒன்'னும் 'டூ'வும் வந்து சேர்ந்ததும் கையைத் தூக்க வேண்டும். கடிகாரம் பார்க்கக் கூடாது. 'த்ரீ'யை நான் சொல்லக் கூடாது.